மைனஸ் இருபதில் பாடம் பதினேழு

ஜூரோங் குளிர்கிடங்கில் என் வேலை
இறால் பெட்டிகளை எண்ணுவது.
தொப்பிக்குள் ஒளித்த காதுக்கருவியில்
ஒரு பெண் சொல்கிறாள்: பக்கனென்.
உறைநிலைக்குக் கீழே போன நாளுக்கு
பின்னிஷில் அதுதான் பெயராம்.
திருப்பிச் சொல்கிறேன். வாயிலிருந்து புகை வருகிறது.

மாண்டரின் படித்தாலாவது சம்பளம் ஏறும்,
இது எதற்கு என்றாள் நூர்ஹயாத்தி.
தெரியவில்லை.
மொழிப்பட்டியலில் விரல் வழுக்கி நின்ற இடம்.

இலவசம் என்றால் சும்மா இல்லை.
ஒவ்வொரு பாடத்துக்கும் நடுவே முப்பது வினாடி
ஏர்கான் கழுவித் தருகிறவரும்
பிள்ளையைக் கணக்கில் புலியாக்குகிறவரும்
வந்து போகிறார்கள்.
அவர்களுடைய போன் நம்பர்
இப்போது எனக்குப் பின்னிஷில் சொல்ல வரும்.

இலக்கணம் கிடைத்தது
யாரோ ஏற்றிவிட்டு மறந்துபோன பிடிஎஃப்பில்.
வேற்றுமை பதினைந்து என்றது.
எட்டுக்கே உயர்நிலை நான்கில்
சி-சிக்ஸ் வாங்கியவள் நான்.
ஆனால் வீட்டில், வீட்டிலிருந்து, வீட்டுக்கு என்று
அங்கேயும் வால் பின்னால்தான் முளைக்கிறது.
என்னிடம் நாய் இருக்கிறது என்றே சொல்கிறார்கள்,
நம்மைப் போலவே.
(என்னிடம் நாய் இல்லை. பாடத்தில் இருந்தது.)

அவர்கள் 'என்' என்று தொடங்கினால் மட்டும் உஷார்.
அது எனது இல்லை, மாட்டேன்.
இவ்வளவு குட்டியாக மறுக்கலாம் என்று
நாற்பத்தாறு வயதில் தெரிந்தது.
ஞாயிறு ஓவர்டைம் கேட்ட சூப்பர்வைசரிடம்
மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன்: என்.
வெளியே வந்தது: கேன்.

இரவுக்கு அவர்கள் வைத்த ஒலி
நம் பன்னிரண்டு உயிரிலும் இல்லை.
ஊ சொல்ல உதட்டைக் குவித்து
குவித்தபடியே ஈ சொல்ல வேண்டும்.
மின்தூக்கிக் கண்ணாடியில் பழகினேன்.
ஏழாம் மாடிச் சீனர்
அடுத்த தூக்கிக்குக் காத்திருந்தார்.

பேசிப் பழக ஆள் தேடியதில் கிடைத்தவன் வெய்க்கோ.
ஔலுவில் தபால் பிரிக்கிறான்.
(ஔடதத்துக்கு மட்டும் பள்ளியில் வைத்திருந்த எழுத்து
முப்பது வருடம் கழித்து வேலைக்கு வந்தது.)
'தாங்கள் நலமாக உள்ளீர்களா' என்று செய்தி வாசித்தான்.
'ஆங், இருக்கேன் லா' என்றேன்.
அரை நிமிடம் அகராதி புரளும் சத்தம்.

தரையில் குவிந்திருப்பதைக் காட்டி
தமிழில் என்ன என்றான். பனி.
ஜன்னலில் பூத்திருப்பதற்கு? பனி.
காலையில் புல்மேல் நிற்பதற்கு?
பாதையை மறைப்பதற்கு?
ஒரே சில்லறையைத் திரும்பத் திரும்ப நீட்டினேன்.
சிரித்தான். கெட்ட சிரிப்பில்லை.
ஆனாலும்.
உறைபனி, மூடுபனி எல்லாம்
அழைப்பு முடிந்த பிறகுதான் வரிசையில் வந்து நின்றன.

செஞ்சாவுக்குப் போகும் எல்ஆர்டியில்
புளோக்குகளை உரசும் இடத்தில்
கண்ணாடி தானாக மங்கும்,
யார் வீட்டுக் கொடித்துணியும் கண்ணில் படாதபடி.
கேட்டிருந்தால் அதையும் பனி என்றிருப்பேன்.
அங்கே, கம்பியைப் பிடித்தபடி, ஒரு சொல் வந்தது.
புழுக்கம்.
தட்டி அனுப்பினேன்: உன்னிடம் இதற்கு என்ன?

மூன்று வாரம் பதில் இல்லை.
பிறகு ஒரு குரல்பதிவு.
சவுனாவில் உட்கார்ந்திருக்கிறான்,
கல்லில் தண்ணீர் சீறுகிறது.
'இதுவா புளுக்கம்?'

இல்லை வெய்க்கோ.
அதற்கு ஒரு கதவு இருக்கிறது.

நேற்று ஜெலப்பாங்குக்குச் சற்று முன்னால்
ரயில் நின்றது. குளிர்காற்றும் நின்றது.
கண்ணாடி மங்கியது மங்கியபடியே.
போனைத் தலைக்குமேல் தூக்கிப் பதிவு செய்தேன்:
சட்டையை உதறும் ஒருவர்,
சிணுங்கி, பிறகு அதையும் விட்டுவிட்ட குழந்தை,
ஒரு பிளாஸ்டிக் பை.
பதினோரு வினாடி. விளக்கம் எழுதவில்லை.
அனுப்பு என்று தட்டினேன்.

அதற்குமுன் முப்பது வினாடி
ஏர்கான்காரர் வந்தார்.