எட்டும் ஏழும் பதினான்கு

துறைமுகத்திலிருந்து மேலேறும் மூன்றாவது சந்து.
வெயில் ஒருநாளும் தரைவரை இறங்கியதில்லை.
எதிரெதிர் வீட்டார் சன்னல் வழியே
உப்பு கைமாற்றிக்கொள்ளும் அகலம்.
அங்கேதான் இருக்கிறது.
பெயர்ப்பலகையில் இரண்டு எழுத்து எப்போதோ உதிர்ந்துவிட்டது.
எங்கள் அலுவலகத்தில்
“ஒரெஸ்தெயிடம் போகலாமா” என்பார்கள், அவ்வளவுதான்.

ஒன்பது மேசை. ஒன்பதும் ஆடும்.
துணிக்குப் பதிலாக வெள்ளைக் காகிதம்,
சலவைச் செலவு மிச்சம்.
யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் முழங்கை இடிக்கும்.
கிரேன் ஓட்டும் மிரெல்லா,
ஈரக் காலணியோடு மீன் இறக்குகிறவர்கள்,
நீதிமன்றத்திலிருந்து வந்து கோட்டைக் கழற்றாமலே சாப்பிடும் ஒருவர்.
யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை.
கொஞ்சம் நகர்ந்துகொள்வார்கள்.

உணவுப் பட்டியல் கிடையாது.
தோளில் துண்டோடு ஒரெஸ்தெ வந்து நின்று
மூச்சு விடாமல் ஒப்பிப்பார்:
காய்கறி சூப், பெஸ்டோ பாஸ்தா, உள்ளே அடைத்த நெத்திலி,
முயல் இருந்தது, தீர்ந்துவிட்டது.
தீர்ந்துபோனதையும் விடாமல் சொல்வார்.
அதைக் கேட்ட பிறகுதான்
எனக்குப் பசி சரியாகப் பிடிக்கும்.

பாஸ்தாவோடு உருளைக்கிழங்கும் பீன்ஸும்
ஒரே தண்ணீரில் வெந்திருக்கும்.
மாவோடு மாவா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள்.
சிரித்தபடியே
தட்டை ரொட்டியால் வழித்துத் துடைத்துவிட்டுப் போவார்கள்.
நெத்திலி, சமையலறையில் இருக்கும் தங்கை நீவெஸின் கைவண்ணம்.
அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை,
இருமல் கேட்டிருக்கிறேன்.
ஒயின் நன்றாக இருக்காது.
அதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் சுங்கத்தில் கணக்குச் சரிபார்க்கிறவள்.
எத்தனை பெட்டி, என்ன எடை,
யார் எங்கே குறைத்து எழுதினார்கள்.
பிழையை நான் தேடுவதில்லை,
தூசுபோல அதுவே வந்து கண்ணில் விழும்.

முதல் வியாழக்கிழமை
காதிலிருந்து பென்சிலை உருவி
என் தட்டருகே காகிதத்தில் எழுதினார்:
பாஸ்தா எட்டு.
நெத்திலி ஏழு.
கால் லிட்டர் ஒயின் மூன்று.
கீழே ஒரு கோடு.
பதினேழு.

வாயைத் திறந்தேன்.
அவர் அடுத்த மேசைக்குப் போயிருந்தார்.
களைப்பு, என்று நினைத்துக்கொண்டேன்.
அடுத்த வியாழனும் பதினேழு.
மிரெல்லாவின் காகிதத்தை எட்டிப் பார்த்தேன்,
ஆறும் ஆறும் பதினொன்று.
மீன்காரர்கள் இருவருக்கும் சேர்த்து
ஒரு சூப் எங்கோ காணாமல் போயிருந்தது.
பாவம், படிப்பு ஏறாத மனிதர் என்றுகூட நினைத்தேன்.
பிறகு ஒருநாள்
கோட்டைக் கழற்றாதவரின் மணிக்கட்டில்
தங்கக் கடிகாரம் மினுங்கியது.
அவர் காகிதத்தில் ஆறு வரிக் கூட்டல்,
காசு மாறாமல்,
பரீட்சைத் தாள்போல் சுத்தமாக.

நான் எதுவும் சொல்லவில்லை.
வருடத்துக்கு நாற்பத்தெட்டு வியாழன்,
ஆறு வருடம்,
இருநூற்று எண்பத்தெட்டு யூரோ.
என் கண்ணில் பட்டும்
நான் எந்தப் பேரேட்டிலும் ஏற்றாத ஒரே வித்தியாசம் அதுதான்.

இந்த அக்டோபரில் நீவெஸின் மகன்
கறுப்பாக, உள்ளங்கையளவில் ஓர் இயந்திரம் வாங்கி வைத்தான்.
தொட்டால் கீச்சென்கிறது.
ஒரெஸ்தெ அதை, யாரோ விட்டுப்போன குழந்தையைப்போல்
உடம்பில் படாமல் தூக்கிக்கொண்டு திரிந்தார்.
போன வாரம் பதினெட்டு கொடுத்தேன்.
வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.
“இதுக்குக் கூட்டத் தெரியுது” என்றார்,
ஒருவரைப் பற்றிக் கோள் சொல்லும் குரலில்.

இன்று மழை. கடை நிறைந்திருந்தது.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
ஒரு விரலால் அழுத்தினார்.
எட்டு. ஏழு.
கீச்.
பதினைந்து என்றது இயந்திரம்.
எட்டும் ஏழும் பதினைந்துதான்.
கூட்டலில் ஒரு குற்றமும் இல்லை.

ஆறு வருடத்தில் முதல்முறையாக
வேலைப் புத்தி முந்திக்கொண்டது.
“ஒயின்?” என்றேன்.

“எந்த ஒயின்?”
என்று கேட்டார் ஒரெஸ்தெ,
காலிக் குடுவையை என் முன்னாலிருந்து
எடுத்துக்கொண்டே.