யாருடைய இடது

மர்ஃபி டவுன் மாடியில், சாப்பாட்டு மேசை மேல்
இறக்கை பூட்டாமல் கிடக்கிறது விமானம்.
மூக்கு என் பக்கம்.
வால் சகாயராஜ் பக்கம்.
மேல்வீட்டுக்காரர், பஸ் கண்டக்டர்,
விடுப்பு நாளிலும் விசில் சட்டைப்பையில்.

எஸ்.பி. ரோட்டில் நாலு போல்ட்டு வாங்கினோம்,
நாலு பிளைண்ட் நட்டு, ஒரு பொட்டலம் வாஷர்.
எஞ்சின் மட்டும் பழசு.
யாரோ ஆமணக்கெண்ணெயைத் துடைக்காமல் மூட்டை கட்டியதில்
தேன் நிறத்தில் இறுகிப்போய்ச் சுற்ற மறுத்தது.
மெத்தனாலில் ஒரு ராத்திரி ஊறிய பிறகுதான்
க்ளக் என்று ஒரு வார்த்தை பேசியது.

நான் பல் செய்கிறவள்.
பதினோரு வருடமாக அல்சூரில் ஒரு லேப்.
பார்த்தே இராத வாய்களுக்குள் போய் உட்காரும் என் கடைவாய்கள்.
ஒரு முடி கனம் உயர்ந்தாலும்
சாப்பிடும்போது தெரிந்துவிடும்.
அங்கிருந்து கடிபார்க்கும் நீலத்தாள் எடுத்துவந்தேன்.
மவுண்டையும் ஃபயர்வாலையும் அதில் கடிக்கவைத்து
நீலம் ஏறிய மேட்டை மட்டும் சுரண்டினேன்,
நாலு மூலையும் ஒரே அழுத்தமாக நீலம் பூசும்வரை.

அவ்வளவு பாடுபட்டுச் சமமாக்கியதை
அப்புறம் கெடுக்க வேண்டும்.

நேராக வைத்த எஞ்சின் நேராக இழுக்காது.
விசிறி கிளப்பும் காற்று வாலைத் தள்ளும்,
மூக்கு இடதுக்கு ஒதுங்கும்,
வேகம் கூடினால் மேலே முட்டும்.
ஆகவே வலதுக்கு இரண்டு டிகிரி, கீழுக்கு இரண்டு டிகிரி.
வாஷரில் சொன்னால்:
மேல் இடதுக்கு ரெண்டு,
மேல் வலதுக்கும் கீழ் இடதுக்கும் ஒவ்வொன்று,
கீழ் வலதுக்கு ஒன்றுமில்லை.
பலகையில் பென்சிலால் 'இ' எழுதினேன்.
அவர் அதைப் பார்த்து முறுக்கினார்.

ஹொஸ்கோட்டே தாண்டி, வற்றிய ஏரி.
இருபதடி ஓடியது. சக்கரம் மண்ணை விட்டதும்
கிரிக்கெட் ஆடிய பையன்கள் பக்கம் திரும்பியது.
"எடக்கே! எடக்கே!" என்று கத்திக்கொண்டே
ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள்.
விசிறி இரண்டு துண்டு.
ஸ்டம்ப்பும் இரண்டு துண்டு; அதற்கு நூறு ரூபாய்.

திரும்பும் வழியெல்லாம் காற்றைத் திட்டினோம்.
கே.ஆர்.புரம் நெரிசலில் ரிமோட்டைத் திட்டினோம்.

ராத்திரி, வாலில் குண்டூசி குத்தி நூல் கட்டி
புது விசிறியின் நுனிவரை இழுத்துப் பார்த்தேன்.
அரைச் சுற்றுச் சுற்றி, மறுபக்கமும்.
ஒன்பது மில்லிமீட்டர் வித்தியாசம். சரியான அளவு.
தவறான பக்கம்.

"நீங்க சொன்ன இடதுதானே?" என்றார்.
என் இடதுதான்.
மூக்குக்கு எதிரே நின்றவளின் இடது.

தினமும் ஆர்டர் சீட்டில் இருபத்தாறு என்றிருந்தால்
அது படுத்திருப்பவரின் இடது,
குனிந்து பார்ப்பவரின் வலது.
ஒரு நாளும் மாற்றிச் செய்ததில்லை நான்.
அவருக்கோ, எந்தப் பக்கம் திரும்பி நின்று டிக்கெட் கிழித்தாலும்
வாசல் இருப்பதுதான் இடது.
இவ்வளவு தெரிந்த இரண்டு பேர்
உள்ளே ஆளே இல்லாத ஒன்றிடம்
அதன் இடது எதுவென்று கேட்கவில்லை.

போல்ட்டைக் கழற்றினோம். பேசிக்கொள்ளவில்லை.
வாஷர்கள் பக்கம் மாறின,
நூலிலைக்குப் பசை ஒரு சொட்டு.
'இ'யை அழிக்கவில்லை. மேலே ஒரு கோடு மட்டும்.

அடுத்த ஞாயிறு பையன்கள் வெகுதூரம் தள்ளி ஆடினார்கள்.
எஞ்சின் பிடித்ததும் என் கட்டைவிரல் தானாக
வலதுக்கு இழுக்கத் தயாரானது,
போன வாரப் பயத்தில்.
வேண்டியிருக்கவில்லை.
சக்கரம் எழும்பிய இடத்தில் புழுதி கலையுமுன்
பக்கத்தில் சகாயராஜ்,
தான் சொல்கிறோம் என்றே தெரியாமல்,
"போலாம்... ரைட்."