பொறுப்பு மருத்துவர்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
ராத்திரி பதினொன்று வரை
என் பெயர் எரிகிறது.
ஊதா நிறம்.
டாக்டர் என்பதில் க்-கின் புள்ளி மட்டும் அணைந்து
மூன்று மாதமாகிறது.

விண்ணப்பத்தில் இரண்டு கட்டங்கள்.
உரிமையாளர்: சோபிதராஜ்.
ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்து திரும்பியவர்.
அந்தக் கட்டத்தில் படிப்பு கேட்கவில்லை.
அடுத்த கட்டம்தான் பதிவு எண் கேட்டது.
எண் என்னிடம் இருந்தது.
தக்கலை ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு
சும்மாதான் கிடந்தது,
பரணில் ஏற்றிவைத்த தையல் மெஷின் மாதிரி.

ஐந்தாம் தேதிதோறும் இருபத்திரண்டாயிரம்.
வங்கிக் குறுஞ்செய்தியில் 'வாடகை' என்று வருகிறது.
சோபிதராஜுக்குப் பொய் வராது.

ஆய்வுக்கு வந்த அன்று நான் இருந்தேன்,
கோட்டின் இஸ்திரி மடிப்புக்கூடக் கலையாமல்.
மஞ்சள் பை எங்கே,
தீயணைப்பான் எங்கே,
நர்ஸின் கவுன்சில் பதிவு எங்கே.
எல்லாம் இருந்தது.
லேசரை யார் பிடிப்பது என்றார்கள்.
நான் என்றேன்.
அஜிஷா தரையைப் பார்த்தாள்.

அவளுக்கு இருபத்து மூன்று.
அழகுக்கலை டிப்ளமோ, ஆறு மாதம்.
அவள் கை நடுங்காது. என் கை நடுங்கும்.
கைக்கென்று விண்ணப்பத்தில் கட்டம் இல்லை.

நேற்று போன் பண்ணினாள்.
"டாக்டரே, கருங்கல்லுல இருந்து ஒரு கல்யாணப் பொண்ணு.
கன்னம் பொங்கிட்டு. என்ன செய்யணும்?"
ஐஸ் வைக்காதே,
குளிர்ந்த தண்ணீரில் துணி நனைத்து வை,
கொப்புளத்தை உடைக்காதே என்றேன்.
மெஷினில் அளவு எத்தனை வைத்தாய் என்று
கேட்கவில்லை.
கேட்டால் எனக்குத் தெரிந்துவிடும்.

இன்று காலை பஸ் ஏறினேன். கோட்டு எடுக்கவில்லை.
வரவேற்பில் புதுப் பெண்.
பெயர் கேட்டாள். றோஸ்லெட் என்றேன்.
"எங்க டாக்டருக்கும் இதே பேராக்கும்"
சிரித்தாள்.
"டாக்டர் உண்டுமா?"
"இப்பம்தான் வெளிய போனாவ.
இருங்க, வந்திருவாவ."

டோக்கன் ஒன்பது.
சுவரில் கண்ணாடிக்குள் என் சான்றிதழ்,
அதன்மேல் டியூப்லைட்டின் வெளிச்சம் விழுந்து
பெயர் இருக்கும் இடம் மட்டும் வெள்ளையாக.

உட்கார்ந்தேன்.
எதிரே ஒரு பெண்
துப்பட்டாவைக் கன்னத்தில் ஒற்றியபடி
வாசலையே பார்த்திருக்கிறாள்.
அவள் டோக்கன் எட்டு.