பொது வயர்

பெயர்த்தகட்டை உப்புக்காற்று தின்றுவிட்டது.
மிஞ்சியிருப்பது ஒரு 230, ஒரு 60,
வயர்ப்படம் இருந்த இடத்தில் துரு கீறிய இன்னொரு படம்.
நிலாவெளியில் மூடிப்போன ஹோட்டலின் ஏலத்தில்
தொட்டியும் மோட்டருமாய் நாற்பதாயிரத்துக்கு எடுத்தது.
டைக் வீதி முற்றத்தில் இறக்கி நாலு மாதம்.
இதுவரை அதில் குளித்தவை
வேப்பஞ்சருகும்
மழைத்தண்ணி நக்க வந்த இரண்டு மான்களின் நாக்கும்தான்.

"செவ்வாய்க்கிழமை வாறன்" என்ற நஸ்மி பாஸுக்கு
இன்னும் செவ்வாய் பிறக்கவில்லை.

சாரம் சரிந்து விழுந்தவர் என்றால்
சனம் சிரிக்கிறது.
உடுக்கிற சாரம் இல்லை, ஏறி நிற்கிற சாரம்.
இடுப்பில் இப்போது உனக்கு நாலு ஆணி.
மெல்லிய ஓட்டம், வெதுவெதுப்பு, தினமும் இருபது நிமிடம்
என்று எழுதித் தந்தார் டொக்டர்.
கன்னியாவில் ஏழு கிணறு தன்பாட்டில் சுடுகிறது.
பம்ப் இல்லை, பிளக் இல்லை, மாதக் கடைசியில் பில் இல்லை.
ஆனால் வாளியைக் குனிந்து அள்ள வேண்டும்.
குனிய உன்னால் ஏலாது.

மெயினை இறக்கிவிட்டு மூடியைக் கழற்றினேன்.
நாலு வயர்.
பச்சையைத் தெரியும், அது மண்ணுக்கு.
மற்ற மூன்றும் வெயிலில் வெளிறி
ஒரே சாம்பல் நிறம்.
ஒன்று வேகம், ஒன்று மெதுவு, ஒன்று இரண்டுக்கும் பொது.
எது எது?

மீற்றரின் இரு முனையையும் மாற்றி மாற்றி வைத்தேன்.
ஒன்றே முக்கால் ஓம்.
ஆறேகால் ஓம்.
எட்டு ஓம்.
(இந்த ஊரில் மலைக்கோயிலில் ஒரு ஓம், மீற்றரில் ஒரு ஓம்,
எதைக் கேட்டாலும் நீ சொல்கிற ஓம் ஒன்று.)
எட்டுக் காட்டிய இரண்டும்
நேரே கதைப்பதில்லை.
எல்லாம் மூன்றாவதின் ஊடாகத்தான் போய் வருகிறது.
அப்ப அதுதான் பொது.

ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தேன்.

அந்தச் சாரத்தைக் கட்டியது உன் தம்பி.
பதினொரு மாதமாய் என் போனுக்குத்தான் எடுக்கிறான்.
"சாப்பிட்டாரா எண்டு கேளுங்கோ அண்ணி."
"சாப்பிட்டன் எண்டு சொல்லு."
ஒரு வார்த்தையும் கூட்டாமல் குறைக்காமல்
இருபக்கமும் கடத்தி
நான் சூடாகிறேன்.

மூன்றிலும் ரேப் ஒட்டிப் பேனையால் எழுதினேன்.
இரண்டு வேகத்துக்கும் ஒரே நேரத்தில் கரண்ட் போகக்கூடாது,
சுருள் கருகிவிடும்.
மத்திய வீதியில் வாங்கிய இருவழிச் சுவிச்,
இங்கே தட்டினால் அங்கே செத்துவிடும்.
அறுபதுக்குச் செய்த மோட்டருக்கு
எங்கள் ஊர் ஐம்பதுதான் தரும்.
உச்ச வேகமும் இங்கே கொஞ்சம் யோசித்துத்தான் ஓடும்.

மெதுவைத் தட்டினேன்.
சத்தமே இல்லை.
பிழைத்துவிட்டதாக்கும் என்று கை வைத்தால்
குழாய்க்குள் தண்ணி நகர்கிறது,
நித்திரையில் ஆள் புரண்டு படுக்கிற மாதிரி.
வேகத்தைத் தட்டினேன்.
ட்ரிப்.
வீடு முழுக்க ஃபேன்கள் நின்றன.
முற்றத்து மான் மட்டும் தலை தூக்கிப் பார்த்தது.

வேக வயரை உள்ளே மடித்துக் கட்டிவைத்தேன்.
அது நஸ்மி பாஸின் செவ்வாய்க்கிழமைக்கு.

பகல் முழுக்க வெயில் சுடவைத்த தண்ணிக்குள்
பின்னேரம் உன்னை இறக்கினேன்.
ட்ரிப் சுவிச்சை மூன்று தரம் சோதித்த பிறகு.
கண்ணை மூடிக்கொண்டு "ஓம்" என்றாய்.
நான் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

போன் அடித்தது.
"தண்ணி சுடுதா எண்டு கேளுங்கோ அண்ணி."
ஸ்பீக்கரைப் போட்டேன்,
தொட்டிக்கு எட்டத்தில், உன் கைக்குக் கிட்டத்தில்
கதிரையில் வைத்தேன்.
குசினிக்குப் போய்விட்டேன்.

பொதுவைக் கழற்றினால் மோட்டர் ஓடாது.
தெரியும்.

அரிசி களைகிற சத்தத்தை நிறுத்திக் காது கொடுத்தேன்.
இரண்டு பக்கமும் பேச்சில்லை.
போனும் வைபடவில்லை.
அங்கே அவனுக்கும் கேட்டிருக்கும்,
கை வைத்தால்தான் தெரிகிற
அந்த ஓட்டம்.