குப்பியைத் திறந்த பிறகு

குப்பியைத் திறந்தாயிற்று. காலை பத்து மணி.
இனி ஆறு மணி நேரம், ஆறு கைகள்.
ஸ்தோய்கினோவில் மொத்தமே நாற்பத்தேழு பேர்.
ஒருத்திதான் வந்து நிற்கிறாள்.
ஒருத்தி நின்றாலும் வரிசைதான் என்கிறாள் நெவேனா.

நான் வண்டியோட்டி.
பதிவேடும் என் பொறுப்பு:
பெயர், பிறந்த ஆண்டு, எந்தக் கை.

ஜுல்ஃபியே, எழுபத்து நான்கு.
புகையிலை கோத்துக் கறுத்த விரல்களால்
பொத்தானைத் தானே கழற்றினாள்.
போன டிசம்பரில் அவள் தங்கை
கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போனவள்தான்.
அதற்கு மேல் அவள் சொல்லவில்லை,
நாங்கள் கேட்கவில்லை.

மீதி ஐந்துக்கு நான் தெருவில் இறங்கினேன்.
மீன்காரனைப்போல் கூவாததுதான் குறை.

பெய்ச்சோவுக்கு எண்பத்தொன்று.
"சாவுக்கு என் விலாசம் தெரியும்.
நடுவில் தபால்காரன் எதற்கு?"
சொன்னாரே தவிர கதவைச் சாத்தவில்லை;
ஒரு கிண்ணம் தயிர் கொடுத்தார்.
தயிருக்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை.
கால் மணி நேரம் போனது.

கலோயானுக்கு இருபத்து மூன்று.
தலையை மேலும் கீழும் ஆட்டினான்.
எங்கள் ரொதோப்பி மலையில் அதற்கு மாட்டேன் என்று பொருள்.
ஆனால் அவன் மூன்று கோடை
ஹானோவர் பக்கம் அஸ்பாரகஸ் வெட்டியவன்.
"இது எந்த ஊர்த் தலையாட்டல்?"
"ஜெர்மன்," என்றான்.
ஞாயிற்றுக்கிழமை பஸ், கையில் சான்றிதழ் வேண்டும்.
நோயைப் பற்றி அவனுக்குக் கருத்தே இல்லை,
எல்லையைப் பற்றி நிறைய.

மரமில் ஸ்பாஸ், நாற்பத்தைந்து,
நூறு லெவா நோட்டை நாலாய் மடித்து
என் சட்டைப்பையில் செருகினான்.
மருந்து தொட்டிக்கு, முத்திரை தாளுக்கு.
மூன்று வீடியோ காட்டினான்.
மூன்றிலும் ஒரே டாக்டர், வேறு வேறு மூக்குக்கண்ணாடி.
நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.
கொஞ்சம் தாமதமாகத்தான் கொடுத்தேன்,
அதையும் சொல்லிவிடுகிறேன்.

எலிட்சாவை யாரும் கூப்பிடவில்லை.
பதினாறு வயது. ஒரு தாள் நீட்டினாள்,
அப்பாவின் கையெழுத்தாம்.
முதல் எழுத்தில் மை இரண்டு முறை ஓடியிருந்தது.
நெவேனா தாளை வெளிச்சத்தில் பிடித்தாள்,
பிறகு போனை எடுத்தாள்.
அப்பா மறுத்த சத்தம் வண்டி வரைக்கும் கேட்டது.
சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு
"பதினெட்டுக்கு இன்னும் ஐநூற்றுப் பன்னிரண்டு நாள்"
என்றாள் எலிட்சா.
எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.

இரண்டு மணிக்கு ஊர்த்தலைவி தோன்கா,
பதவிக்காக ஒரு கை;
பின்னாலேயே, பதவி இல்லாத அவள் கணவர்,
குடும்ப அமைதிக்காக ஒரு கை.
மூன்றரைக்கு பெய்ச்சோ, ரத்த அழுத்தம் மட்டும் பார்க்க.
பார்த்தாள் நெவேனா.
வந்த கையோடு, அந்தக் கையிலேயே,
அவர் தயிரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே
"போடட்டுமா?" என்றாள்.
"போடு, போடு, தபால்காரனும் பிழைக்கட்டும்" என்றார்.

மூன்று நாற்பது. ஐந்து பெயர்கள்.
தெருவில் ஒரு நாய், அதற்கு வேறு ஊசி.

ஆறாவதை நிரப்பிவிட்டு நெவேனா என்னைப் பார்த்தாள்.

எனக்கு மார்ச்சிலேயே போட்டாயிற்று என்று
வசந்தம் முழுக்க அவளிடம் சொல்லிவந்தவன் நான்.
ஐம்பத்திரண்டு வயது.
எதிர்ப்பு இல்லை, வீடியோ இல்லை.
மற்றவர்களுக்கு என்ன ஆகிறது, பார்ப்போம் என்றிருந்தேன்.
மற்றவர்களைப் பார்ப்பதே வேலையாகவும் கிடைத்தது.
முப்பத்தொரு ஊர், அறுநூறு பெயர்.
கை வலித்தது என்றார்கள்,
ஒரு ராத்திரி குளிர்ந்தது என்றார்கள்.
ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"கியர் எந்தக் கையில் போடுவாய்?"

"வலது."

"அப்போ இடது."

மார்ச் மாதத்தைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

பதிவேட்டில் என் பெயரை நானே எழுதினேன்.
முதல் எழுத்தில்
மை இரண்டு முறை ஓடியது.