முதல் ஈடு

மார்கழி பிறந்த அன்றைக்கு ஆறு
கொக்கிரகுளம் ரோட்டில் ஏறியது.
கலெக்டர் ஆபீசுக்கு எதிரே என் கடை.
ஷட்டருக்குக் கீழே நுழைந்து
ஜெராக்ஸ் மிஷினின் வயிறுவரை நிறைத்தது.
நாற்பது கட்டு வெள்ளைத்தாள் ஊறிப் பெருத்து
அலமாரியை உள்ளிருந்தே பிளந்துவிட்டது.

மூன்றாம் நாள் சேறு வழிக்கையில்
யாரோ ஒருவரின் வாரிசுச் சான்று
உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு வந்தது.
தாளை உரித்த பிறகும்
பெயர் மட்டும் கையில் இருந்தது,
இடம்வலம் மாறி.

குழுக் கடன் தொண்ணூறாயிரம்.

திருப்பூரிலிருந்து கொழுந்தன் சொரிமுத்து
கூரியரில் ஒரு புத்தகம் அனுப்பினான்.
அட்டையில் மலைமேல் ஒருவன்
கையை விரித்து நிற்கிறான். கால் நனையவில்லை.
எழு, என்றது முதல் பக்கம்.
எழுந்தேன். பால் பொங்கியிருந்தது.
இருபது பக்கம் படித்தேன்.
தோற்றவர்கள் எல்லாரும்
அடுத்த பத்தியிலேயே ஜெயித்துவிடுகிறார்கள்.
இடையில் வாடகை எப்படிக் கொடுத்தார்கள்
என்று போடவில்லை.
சவம், என்று மூடி வைத்தேன்.
கதவுக்கு முட்டுக்கொடுக்க உதவியது,
பொய் சொல்லக் கூடாது.

தை மாதம், கிளை நூலகத்தில்
நனைந்த புத்தகங்களைக் காயப்போட
ஆள் வேண்டுமென்றாள் ஞானதங்கம்.
நாளுக்கு முந்நூறு.
மொட்டைமாடியில் கொடி கட்டி
நடுப்பக்கம் விரித்துத் தொங்கவிட்டோம்.
ஒட்டிய தாளுக்குள் தென்னை ஈர்க்கு விட்டு
மெல்ல மெல்லப் பிரிக்க வேண்டும்.
கதை, சட்டம், சித்த வைத்தியம்.
வெயிலுக்கு எல்லாம் ஒன்றுதான்.

அட்டை போன மெல்லிய புத்தகம் ஒன்று.
நாட்டுக்கோழி வளர்ப்பு.
நாற்பத்தொன்றாம் பக்கம் ஈர்க்குக்கு மசியாமல்
வெகுநேரம் அடம்பிடித்து
சத்தமில்லாமல் விட்டுக்கொடுத்தது:

முதல் ஈட்டில் பாதிக் குஞ்சுகள் இறந்துபோகலாம்.
இது வழக்கம்.
கூண்டைக் கழுவிச் சுண்ணாம்பு பூசி
ஏழு நாள் வெயிலில் வைக்கவும்.
பிறகு அடுத்த அடை வைக்கலாம்.

அவ்வளவுதான்.
கீழே ஒரு கூண்டின் படம், அளவுகளோடு.

இது வழக்கம்.
அதுவரை யாரும் என்னிடம் இதைச் சொல்லவில்லை.
விதி என்றார்கள். கண்ணு பட்டுட்டு என்றார்கள்.
வங்கியில் இயற்கைப் பேரிடர்
என்று எழுதச் சொன்னார்கள்.
எழுதியவர் பெயர் பார்க்க அட்டையில்லை.
ஏதோ ஒரு கால்நடை டாக்டர்
செத்த குஞ்சைத் தூக்கித் திருப்பிப் பார்த்துவிட்டு,
சோப்புப் போட்டுக் கை கழுவி,
உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும்.

ஞானதங்கம் அடுத்த கூடையைத் தூக்கி வந்தாள்.
'என்னட்டி, கோழிப் புஸ்தகத்துக்கா அழுவுத?'
'யக்கா, சுண்ணாம்பு இப்பம்
என்ன வெல விக்கி?' என்றேன்.

கடைச் சுவரில் தண்ணீர் நின்ற கோடுவரை
இரண்டு பூச்சு. அதற்குமேல் ஒன்று.
ஏழு நாள் ஷட்டரைத் திறந்தே போட்டிருந்தேன்.
போகிறவர்கள் எட்டிப் பார்த்து
எப்பம் திறப்பிய என்று கேட்டார்கள்.
திறந்துதானே இருக்கு, என்றேன்.

வாடகை மிஷின் எட்டாம் நாள் வந்தது.
முதல் தாள் முழுக் கறுப்பு. இரண்டாவதும்.
பட்டா நகலுக்கு வந்த மானூர்க்காரர்
குடையை மடக்கிக்கொண்டு நின்றார்.
பாதி போகும், என்றேன் அவரிடம்.
அவருக்குப் புரியவில்லை.
மூன்றாவது தாளை வைத்தேன்.

கோழி எதுவும் வளர்க்கவில்லை.
பூனைகள் மிகுந்த தெரு எங்களது.