பதினான்காம் பிளாக்

நாலு நாள் வேலை.
தகரக் குடிசை, மண்ணெண்ணெய் ஸ்டவ்,
ஒரு தொலைநோக்கி, மூன்று பேர்.
கட்டம் போட்ட படிவத்தில்
கடா, பெட்டை, குட்டி, தெரியவில்லை.

முதல் நாள் நிறைந்தது கடைசிக் கட்டம் மட்டும்.
பத்து மணிக்குத் தேனிப் பக்கமிருந்து ஏறிய மஞ்சு
பள்ளத்தை மூடியது, பிறகு பாறையை,
பிறகு என் பேனா முனையை.
"இன்னிக்கு மஞ்சை எண்ணிக்கலாம்" என்றார்
பீட் ஆபீசர் ரஜிதா,
"ஒண்ணு."

நான் வட்டவடைக்காரன்.
பூண்டு விலை விழுந்த வருஷம்
தினக்கூலி வாச்சராக மலையேறினேன்.
வயலில் இறங்கும் காட்டுமாட்டை
டின் தட்டி விரட்டிய கை இது.
இப்போது மூச்சடக்கி
கொம்புகளை எண்ணுகிறது.

இரண்டாம் நாள் விடிந்தபோது
புல்லெல்லாம் உப்புப் பூத்தாற்போல் உறைபனி.
மலைக்கு மேலெல்லாம் புல்,
அக்குளில் மட்டும் சோலை.
அந்த இருட்டுக்குள்ளிருந்து கருமந்தி இருமியது.
வாசலில் ஒரே ஒரு காட்டுப்பூவரசு
யாரும் கேட்காமலே சிவந்திருந்தது.
நெட்டைக்காலி ஒன்று என் காலணிவரை வந்து
அட்டையைப் பார்த்துவிட்டுப் போனது.

அப்புறம் வந்தன வரையாடுகள்.
செங்குத்துப் பாறையில்
யாரோ கைதவறிக் கொட்டிய புளியங்கொட்டைகள்
கீழே விழாமல் மேய்ந்துகொண்டு.
அய்யாக்கண்ணு விரல் மடக்க, நான் எழுதினேன்:
கடா நாலு, பெட்டை பதினாறு, குட்டி ஏழு.
ஏழாவதற்கு இடது காது கிழிந்திருந்தது.
அது தாயின் முதுகில் ஏறிச் சறுக்கியது,
மறுபடி ஏறிச் சறுக்கியது.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

எதிர் முகட்டில் ஜண்டாக் கல்.
கல்லுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு,
அங்கும் ஒரு தகரக் குடிசை, அங்கும் ஒரு படிவம்.
ஆடுகள் காலையில் கேரளத்தில் மேய்ந்து
மதியம் அங்கே அசைபோட்டன.
ஒரே கடாவை இரண்டு சர்க்காரும் எண்ணிவிடக்கூடாதென்று
நேரம் குறிக்கச் சொல்லியிருந்தார்கள்.

மூன்றாம் நாள், ஆறு நாற்பது.
மஞ்சுக்குள்ளிருந்து ஒரு விசில்.
"தமிழ்நாட்டு ஆளுங்க" என்றான் அய்யாக்கண்ணு,
"பிளாஸ்டிக் விசிலு. சத்தத்தப் பாரு."
மரியாதைக்கு நானும் ஊதினேன்.
பதில் வந்தது.
மறுபடி ஊதினேன்.
இந்த முறை பதில் இரண்டு இடத்திலிருந்து.
ரஜிதாகூடச் சிரித்து
கையை ஆட்டினார், வெள்ளைச் சுவரைப் பார்த்து.

ஏழரைக்கு வயர்லெஸ் கரகரத்தது:
"சார், இங்க ஒரே பனி. இன்னும் ஸ்டவ்வே பத்தல.
நாங்க வெளியவே வரலைங்க."

யாரும் யாரையும் பார்க்கவில்லை.
மிரண்ட வரையாடும் விசிலடிக்கும்.
செந்நாயும் விசிலடிக்கும், சிதறிய கூட்டத்தைச் சேர்க்க.
நான் எதற்குப் பதில் சொன்னேன்?
அய்யாக்கண்ணு பீடியைப் பற்றவைத்தான், அணைத்தான்.

மஞ்சு விலக ஒன்பதாயிற்று.
பாறையில் ஆடுகள் இருந்தன,
முந்தின நாளைவிட மேலே, நெருக்கமாக,
எல்லா முகமும் ஒரே பள்ளத்தைப் பார்த்து.
கடா நாலு. பெட்டை பதினாறு.
குட்டி ஆறு.
நான் எண்ணினேன், ரஜிதா எண்ணினார்,
தொலைநோக்கியைச் சட்டை நுனியால் துடைத்து
அய்யாக்கண்ணு எண்ணினான்.
ஒரு பெட்டை மட்டும்
நின்றது, நடந்தது, நின்றது.

சாயங்காலம் வயர்லெஸ்ஸில் கணக்கு மாற்றிக்கொண்டோம்.
அவர்கள் சொன்ன குட்டி ஏழு.
"எத்தனை மணிக்கு?" என்றார் ரஜிதா.
கரகரப்பு.
"காது கிழிஞ்சது இருந்துச்சா?" என்று நான் பிடுங்கிக் கேட்டேன்.
"காதெல்லாம் யாருங்க பாத்தா" என்றது மலை.

படிவத்தில் ஆறு என்று எழுதினேன்.
குறிப்புப் பகுதியில் எழுத வந்ததை எழுதவில்லை.
விசிலைக் கழற்றி
அவல் டப்பாவுக்குள் போட்டு மூடினேன்.

ராத்திரி தகரத்தின்மேல் பனி சொட்டியது.
வெகுதூரத்தில் மறுபடியும் அந்தச் சத்தம்.
அய்யாக்கண்ணுவும் விழித்துத்தான் இருந்தான்,
போர்வைக்குள் கேட்டான்:
"நாளைக்கு ஏழு இருந்தா
ஆறை அடிச்சுருவல்ல?"